ரெண்டு மில்லிமீட்டர் சுரேஷ்பாபு

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் சுரேஷ்பாபுவுக்கு இரண்டு பெயர்கள். அவர் காதில் விழும்படி கூப்பிடுவது ‘டாக்டர் சார்’. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது ‘ரெண்டு மில்லிமீட்டர்’. முதல் பெயர் சுத்தப் பொய். சித்தூரில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, பெங்களூரில் ஒரு வருட டிப்ளமோ வாங்கிக்கொண்டு, மூளைக்குள் வைக்கிற கருவிகளை விற்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். முதல் நாள் அவருடைய வெள்ளை ஷூவையும் சென்ட் வாசனையையும் பார்த்து மிரண்டுபோன அட்டெண்டர் கங்கையா, இப்போது ரிட்டயர் ஆக ஒரு வருடம் இருக்கிற மனிதர், எழுந்து நின்று ‘டாக்டர் சாரு’ என்று கும்பிட்டார். இவர் மறுக்கவில்லை. பட்டம் வாங்குகிறவரைப் போல லேசாகத் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டார். அன்றைக்கே எனக்கு ஆளைப் பிடிக்காமல் போய்விட்டது.

என் பெயர் தாட்சாயணி. ஊர் புத்தூர். திருப்பதியில் அலிபிரி போகிற ரோட்டில் இருக்கும் இந்த ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாகத் தியேட்டர் நர்ஸ். அலட்டிக்கொள்கிற டாக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களாவது பத்துப் பன்னிரண்டு வருடம் படித்துவிட்டு அலட்டுகிறார்கள். படிக்காத படிப்புக்கு அலட்டிய ஒரே ஆள் சுரேஷ்பாபுதான். மாதம் இரண்டு தடவை பெங்களூரிலிருந்து வருவார். வந்ததும் ஜெர்மனி புராணம் தொடங்கும். கம்பெனி இவரை ஜெர்மனிக்கு அனுப்பியது ஐந்து நாள் பயிற்சிக்கு. அந்த ஐந்து நாளை ஐந்து வருடமாக எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே தியேட்டரில் ஈ பறக்காதாம், ஆள் பேச மாட்டானாம், நர்ஸ்கள் எல்லாம் பொம்மை மாதிரி நிற்பார்களாம். கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்ப்பார்.

தமிழ் தெரியாது என்பார். “கொஞ்சம் கொஞ்சம் புரியும், பேச வராது” என்று தெலுங்கில் சொல்வார். அந்தத் தெலுங்கையும் ஏதோ நமக்குத் தானம் செய்வதுபோலத்தான் பேசுவார்; மற்றதெல்லாம் இங்கிலீஷ். அப்பா என்ன செய்கிறார் என்று ஒரு நாள் யாரோ கேட்டபோது, “சித்தூரில் டெக்ஸ்டைல் பிசினஸ்” என்றார். கேன்டீனில் தயிர்சாதத்தை ஸ்பூனால் சாப்பிடுவார். சாப்பிடட்டும், எனக்கென்ன. ஆனால் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒரு தடவை சுற்றிப் பார்ப்பார், யாராவது கவனிக்கிறார்களா என்று.

அவர் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கை கால் நடுங்குகிற, உடம்பு விறைத்துப்போகிற நோய்க்கு மாத்திரை கேட்காமல் போனால் மூளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை இறக்கி, அதில் சன்னமாக மின்சாரம் விடுவார்கள். மின்சாரம் சரியான இடத்தில் பட்டால் நடுக்கம் அந்த நிமிஷமே நிற்கும். அந்த இடம் அரை வேர்க்கடலை அளவு. மண்டையோட்டிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கும் கீழே, ஆழத்தில் இருக்கிறது. ஸ்கேன் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் இறக்குவார்கள். ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டோமா என்பதைச் சத்தம்தான் சொல்லும். முடியைவிட மெல்லிய ஊசிகள் ஐந்து, ஒன்றுக்கொன்று இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, மூளைக்குள் அங்குலம் அங்குலமாக அல்ல, நூலிழை நூலிழையாக இறங்கும். அவை தொடுகிற உயிரணுக்களின் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும். இடம் வருகிறவரைக்கும் வெறும் இரைச்சல். இடம் வந்ததும் அப்பளம் பொரிகிற மாதிரி படபடவென்று ஒரு சத்தம். அதையும் தாண்டிப் போய்விட்டால் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி சீராக ஒரு சத்தம். மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டு, எந்த ஊசியின் தடத்தில் அப்பளச் சத்தம் அதிகத் தூரம் கேட்கிறதோ அதைச் சர்ஜனுக்குச் சொல்வதுதான் சுரேஷ்பாபுவின் உத்தியோகம். “இன்னும் ரெண்டு மில்லிமீட்டர், சார்” என்று கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்துவார். பெயர் வந்தது அப்படித்தான்.

காது நல்ல காது. அதை நான் மறுக்க மாட்டேன். மிஷின் திரையில் கோடு தெரிவதற்கு முன்பே இவர் கை உயர்ந்துவிடும். அந்தக் காதோடு ஒரு சாதாரண மனிதனும் சேர்ந்து வந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவு நிம்மதி!

ஒரு தடவை ஸ்பீக்கரில் ஏதோ கரகரவென்று குறுக்கே வந்தது. மனிதர் எழுந்து நின்று, மூளை திறந்து கிடக்கிற நோயாளியை வைத்துக்கொண்டு, “இந்த லோக்கல் ஸ்டாஃபை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, எவளோ செல்போன் வைத்திருக்கிறாள்” என்று கத்தினார். நாங்கள் நான்கு பேரும் பையைத் தடவிக் காட்டினோம். என்னுடையது வெளியே லாக்கரில் இருந்தது. கடைசியில் போன் அடித்தது அவருடைய சட்டைப் பையில். அதை எடுத்து வைத்துவிட்டு, “ஓகே, கன்டின்யூ” என்றார். எங்களிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. எனக்கு இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

போன ஆடி மாதம் நகரியிலிருந்து செங்கல்வராயன் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். வயது ஐம்பத்தேழு. விசைத்தறிக் கொட்டகையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். எட்டு வருடமாக நடுக்கம். வலது கை டம்ளரைப் பிடித்தால் காப்பி பாதி சட்டைக்குப் போகும். ஓர் அறக்கட்டளை செலவை ஏற்றுக்கொண்டதால் ஆபரேஷனுக்கு வந்திருந்தார். இரண்டு நாள் முன்பே திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, தலை நிறையச் சந்தனத்தோடு வார்டுக்கு வந்தார். எப்படியும் ஆஸ்பத்திரியில் மழிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, ‘அந்த முடியைப் பெருமாளுக்கே கொடுத்துவிடலாம்’ என்று அவர் மனைவி ருக்மணி செய்த ஏற்பாடு அது. தலையில் கத்திக் கீறல் இருந்தால் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. நல்லவேளை கீறல் இல்லை. சந்தனத்தைக் கழுவ எனக்கு அரை மணி நேரம் ஆனது.

நரம்பு டாக்டர் ஹரிதா கடப்பாக்காரர், சின்ன வயது, பொறுமைசாலி. தமிழ் தெரியாது. அவர் தெலுங்கில் நிதானமாக விளக்கினார்; நகரிக்காரர்களுக்குத் தெலுங்கும் நன்றாகப் புரியும். கம்பி வைக்கிற இடத்துக்கு வெளிப்பக்கம் ஒட்டியே நாக்குக்கும் வாய்க்கும் போகிற நரம்புக் கட்டு இருக்கிறது. கம்பி கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்துவிட்டால் பேச்சு குழறும். பிறகு மின்சாரத்தைக் குறைத்தால் பேச்சு திரும்பும், கை ஆடும். கூட்டினால் கை நிற்கும், பேச்சு போகும். அதனால்தான் மயக்க மருந்து கொடுக்காமல் விழித்திருக்க வைத்துச் செய்கிறோம், நாக்கு இழுத்தால் உடனே அவர் சொல்ல வேண்டும் என்றார்.

ருக்மணி அம்மாள் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சிஸ்டரம்மா, கை ஆடுனா ஆடிக்கினு போட்டும். நானு ஊட்டி உடறேன். பேச்சு போயிடக் கூடாதும்மா. ஏற்கெனவே காது மந்தம் அதுக்கு. வாயும் பூட்ச்சுன்னா அது எங்கக்கூட எப்பிடிம்மா இருக்கும்? மரக்கட்ட மாதிரி ஒரு மூலையில குந்திக்கினு இருக்குமா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, அக்கா. பெரிய டாக்டரு ஹைதராபாத்துலேருந்து வராரு” என்றேன்.

சொல்லிவிட்டுக் கேஸ் ஷீட்டில் நாலாம் பக்கத்தில் ‘காது சற்று மந்தம்’ என்று எழுதி வைத்தேன். எழுதியதோடு சரி. வார்டில் அவர் நாங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அதனால் கொஞ்சம் உரக்கப் பேசினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். தறிச் சத்தத்தில் காது போன அந்த மனிதர் பல வருடமாகக் காதால் எதையும் கேட்கவில்லை, எதிரில் இருக்கிறவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பது வருட சர்வீஸ், பெருமை பேசுகிறேன்.

அன்று மாலை சுரேஷ்பாபு வந்தார். வார்டு வாசலில் ருக்மணி அம்மாள் அவரையே உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தபடி எழுந்து வந்தாள்.

“ஏம்பா, நீ எங்க தெரு தறிக்கார வேதாச்சலம் புள்ள மாதிரி கீறியே? சுரேசு இல்ல நீயி?”

சுரேஷ்பாபுவின் முகம் சுண்டிவிட்டது. பிறகு தெலுங்கில், “நான் சித்தூர், அம்மா. நீங்கள் வேறு யாரோ என்று நினைத்துவிட்டீர்கள்” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். அவசரத்தில் கங்கையா தள்ளிக்கொண்டு வந்த ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியில் காலை விட்டார். சக்கரம் வெள்ளை ஷூவின் மேல் ஏறியது.

“யம்மாடி! கால் பூட்ச்சே! கண்ணு தெரியல உனுக்கு?”

சாதாரணத் தமிழ் இல்லை. நகரி பஸ் ஸ்டாண்டில் கேட்கிற தமிழ். கத்தியவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. டெக்ஸ்டைல் பிசினஸாம்! விசைத்தறிக் கொட்டகையில் பிறந்து வளர்ந்துவிட்டு, அதைச் சொல்ல வெட்கப்பட்டு, சொந்தத் தெருக்காரியைத் தெரியாது என்கிற ஜென்மம். கொட்டகையில் பிறப்பதில் என்ன கேவலம்? எங்கள் அப்பா புத்தூர் ரயில்வே கேட்டில் வேர்க்கடலை விற்றார். நான் யாரிடமும் அதை ஏற்றுமதி வியாபாரம் என்று சொன்னதில்லை.

மறுநாள் காலையில் செங்கல்வராயன் தலையில் இரும்புக் கூண்டை நான்கு திருகாணிகளால் பொருத்தி, கூண்டை மேஜையோடு பூட்டினோம். தலையை இம்மியும் அசைக்க முடியாது. தலைக்கு மேல் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஹைதராபாத் சர்ஜன். இந்தப் பக்கம் முகத்துக்கு நேரே நானும் டாக்டர் ஹரிதாவும். கால்மாட்டில் மிஷினோடு சுரேஷ்பாபு. எல்லோர் முகத்திலும் மாஸ்க். உதடு என்று ஒன்று அந்த அறையில் எங்கும் தெரியவில்லை. யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

வலது கைதான் மோசம் என்பதால் மூளையின் இடது பக்கம் முதலில். துளை போட்டு ஊசிகள் இறங்கின. சுரேஷ்பாபு வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார். முந்தின நாள் காலில் ஏறிய வண்டியையெல்லாம் மறந்துவிட்டு அமர்க்களமாகக் கையை உயர்த்தினார்.

“நடுத் தடம் நாலரை மில்லிமீட்டர், சார். வெளித் தடம் அஞ்சரை. வெளித் தடம் பிரமாதம், சார். டெக்ஸ்ட்புக்!”

சர்ஜனுக்குப் பரம சந்தோஷம். வெளித் தடத்தை வைத்துக்கொண்டு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். செங்கல்வராயனின் வலது கை, எட்டு வருடமாக ஆடிக்கொண்டிருந்த கை, அடங்கி மேஜையில் படிந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இந்த இடத்தில் கண் கலங்கும். பிறகு மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். இடம் சரியா என்று பார்க்க அதுதான் வழி. கூட்டினாலும் வேறு தொந்தரவு வரக் கூடாது. டாக்டர் ஹரிதா குனிந்து தெலுங்கில் கேட்டார்.

“நாக்கு இழுக்கிறதா? ஏதாவது கஷ்டம் இருக்கிறதா?”

“சரிங்க மேடம்.”

இன்னும் கூட்டினார்கள். “வாய் ஒரு பக்கமாகப் போகிறதா?”

“சரிங்...மேம்.”

“நன்றாக இருக்கிறதா?”

“ம்.”

‘ரொம்ப நல்ல பேஷன்ட், எல்லாவற்றுக்கும் ஒத்துழைக்கிறார்’ என்று டாக்டர் ஹரிதா சொன்னார். காலையிலிருந்து மாத்திரை நிறுத்தியிருந்ததால் பேச்சு மந்தமாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். நானும் தலையாட்டினேன். டாக்டர் வலது கையைப் பிடித்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் இடது கையை யாரும் பார்க்கவில்லை. அது மேலே எழும்பியது. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துக் காற்றில் இரண்டு தடவை வெட்டியது. நின்றது. திரும்பவும் இரண்டு வெட்டு. பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உதட்டருகே போய் எதையோ பிடித்து இழுத்தன.

“இடது கை இன்னும் ஆடுகிறதே?” என்று சர்ஜன் திரைக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“அந்தப் பக்கத்துக்கு இன்னும் கம்பி வைக்கவில்லையே, சார். பழைய நடுக்கம்தான்” என்றார் டாக்டர் ஹரிதா.

உதட்டுக்குப் போன கையைப் பார்த்துத் தண்ணீர் கேட்கிறார் என்று நான் முடிவு செய்தேன். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். அவர் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. உயிரோடு இருக்கிறவரைக்கும் மறக்கவும் போவதில்லை.

அப்போதுதான் சுரேஷ்பாபுவைக் கவனித்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, செங்கல்வராயனின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்க்குக்கு மேலே நெற்றி முழுக்க வியர்வை. ஏசி பதினெட்டில் ஓடுகிற அறையில்!

விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள் யாரும் வாயால் பேசுவதில்லையாம். பேசினால் கேட்காது. இருபது தறி ஒன்றாக ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் எல்லாம் கைதான். உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு வெட்டு வெட்டினால் ‘தறியை நிறுத்து’. இரண்டு விரலைச் சேர்த்து இழுத்தால் ‘இங்கே இழுக்கிறது, பார்’. நகரியில் கொட்டகைக்குள் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் பேச்சு வருவதற்கு முன்பே இது வந்துவிடும் என்று ருக்மணி அம்மாள் பிறகு சொன்னாள். நாக்கு செத்துக்கொண்டிருந்த அந்த மனிதர், கேள்வி எதுவும் காதில் விழாமல், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் ‘நிறுத்துங்கள், வாய் இழுக்கிறது’ என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவருக்கோ நகரி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது.

“சுரேஷ், ஃபைனலா? இதிலேயே நிரந்தரக் கம்பியை வைத்துவிடலாமா?” சர்ஜன் கேட்டார்.

சுரேஷ்பாபு வாயைத் திறந்தார். “சார்...” என்றார். என்னைப் பார்த்தார். செங்கல்வராயனின் கை மறுபடியும் காற்றை வெட்டியது.

“ஓகே, சார்” என்றார் சுரேஷ்பாபு.

இந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் மன்னிக்கவே மாட்டேன். அதற்குப் பிறகு என்ன நடந்திருந்தாலும் சரி. என்ன நினைத்திருப்பார்? வெளித் தடம் டெக்ஸ்ட்புக் என்று வாய் கிழியச் சொன்னது தான்தானே என்றா? கை பாஷை எப்படித் தெரியும் என்று கேட்டால் டெக்ஸ்டைல் பிசினஸ் என்ன ஆகும் என்றா? ஒரு மனிதனின் நாக்கு ஒரு தட்டில், இவருடைய வெள்ளை ஷூ இன்னொரு தட்டில். ஷூ கனமாக இருந்திருக்கிறது.

நிரந்தரக் கம்பியின் பெட்டியை எடுக்கச் சொன்னார் சர்ஜன். நான் அலமாரியைத் திறந்தேன். செங்கல்வராயன் வெட்டுவதை நிறுத்திவிட்டார். இடது கை வயிற்றின் மேல் விழுந்து சும்மா கிடந்தது. கண்ணோரம் தண்ணீர் வழிந்து, கூண்டின் கம்பியில் தேங்கியது. அழுகிறார் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. கண் உலர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

பெட்டியோடு திரும்பியபோது சுரேஷ்பாபு மிஷின் பக்கத்தில் இல்லை. செங்கல்வராயனின் முகத்துக்கு நேரே நின்றிருந்தார். வலது உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றில் இரண்டு வெட்டு வெட்டி, கேள்வி கேட்பதுபோல மோவாயை உயர்த்தினார். வயிற்றின் மேல் கிடந்த கை துள்ளி எழுந்தது. வெட்டு, வெட்டு, உதட்டருகே இழுப்பு. திரும்பத் திரும்ப.

“கரண்டை நிறுத்துங்கள், மேடம். நாக்கு இழுக்கிறது. அவருக்கு நீங்கள் பேசுவது எதுவுமே கேட்கவில்லை” என்றார் சுரேஷ்பாபு.

டாக்டர் ஹரிதா பொத்தானை அழுத்தினார். இரண்டு விநாடி. செங்கல்வராயன் பெருமூச்சு விட்டார்.

“எவ்ளோ தபா சொன்னேன் மேடம்... நாக்கு உள்ள இழுத்துக்கினு போவுது, நாக்கு உள்ள இழுத்துக்கினு போவுதுன்னு...”

டாக்டர் ஹரிதா கேஸ் ஷீட்டை வாங்கி நாலாம் பக்கம் வரை புரட்டினார். என் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. சர்ஜன் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“உனக்கு எப்படித் தெரிந்தது, சுரேஷ்?”

“ஒரு கான்ஃபரன்ஸில் பார்த்தேன், சார்” என்றார் மனிதர். “ஜெர்மனியில்.”

நான் பெட்டியைக் கீழே போட்டிருப்பேன். நகரிக் கொட்டகையின் கை பாஷையை ஜெர்மனியில் சொல்லிக்கொடுத்தார்களாம். வெளித் தடம் ஏன் தப்பாகப் போனது என்று சர்ஜன் கேட்டதற்கு, “சிலருக்கு மூளை அமைப்பே வித்தியாசமாக இருக்கும், சார்” என்று செங்கல்வராயனின் மூளையின் மேல் பழியைப் போட்டார். எங்கேயும் கால் நனையாமல் கரையேறப் பார்க்கிற ஆள்.

ஊசியை நடுத் தடத்துக்கு மாற்றினார்கள். அதே இரண்டு மில்லிமீட்டர். மின்சாரம் போனது. வலது கை அடங்கியது. கூட்டினார்கள். இன்னும் கூட்டினார்கள். முன்பு நாக்கு இழுத்த அளவைத் தாண்டியும் போனார்கள். இடது கை அசையவில்லை.

“அசையாமல் இருந்தால் போதாது. இந்தத் தடவை அவர் பேசிக் கேட்காமல் நான் விடப்போவதில்லை” என்றார் டாக்டர் ஹரிதா. “சுரேஷ், அந்தக் கையாலேயே சொல்லுங்கள். ஒன்று இரண்டு எண்ண வேண்டாம். நீளமாக ஏதாவது பேசட்டும். நாக்கு புரள வேண்டும்.”

சுரேஷ்பாபு விரல்களைக் குவித்து மாஸ்க்குக்கு முன்னால் வைத்து, வெளியே விரித்துக் காட்டினார். பேசு, பேசிக்கொண்டே இரு.

செங்கல்வராயன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்தார். அப்படியே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேச ஆரம்பித்தபோது குரல் அறை முழுக்கக் கேட்டது. காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரல்.

“நீ வேதாச்சலம் புள்ள சுரேசுதானே? கையப் பாத்தாலே தெரியுதே. உங்க நைனா சாவக்கொள்ள மூணு நாளு உம் பேரையே சொல்லிக்கினு இருந்தாரு. போன் போட்டோம், நீ எடுக்கல. வருவ வருவன்னு பொணத்த ஒரு நாளு பூரா வச்சிக்கினு குந்தியிருந்தோம். அப்பறம் நான்தாம்பா கொள்ளி வச்சேன்.”

கோபமே இல்லாமல் சொன்னார். ஊர் சமாசாரம் சொல்கிற மாதிரி, விட்டுப்போன ஒரு தகவலை ஒப்படைக்கிற மாதிரி.

டாக்டர் ஹரிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சர்ஜனுக்கும் புரியவில்லை. நோயாளி நீளமாக ஏதோ பேசினார், அவ்வளவுதான் அவர்களுக்கு.

“சிஸ்டர், பேச்சு தெளிவாக இருந்ததா?” என்று டாக்டர் என்னிடம் கேட்டார். “ஒரு வார்த்தை குழறியிருந்தாலும் சொல்லுங்கள், இன்னும் நகர்த்திவிடலாம். கம்பியை வைத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.”

நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் ஐந்து வருட ஜெர்மனி என் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

“சுரேஷ் சாரைக் கேளுங்க மேடம். அவருகிட்டதானே பேசினாரு.”

“அவருக்குத் தமிழ் தெரியாதே?”

“தெரியும், மேடம்” என்றேன்.

எல்லோரும் சுரேஷ்பாபுவைப் பார்த்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் சர்ஜன் கம்பியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். “சீக்கிரம், சுரேஷ். வைக்கலாமா வேண்டாமா?” என்றார். செங்கல்வராயனும் பார்த்துக்கொண்டிருந்தார், தான் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள. சுரேஷ்பாபு மாஸ்க்கைக் கழற்றினார். தியேட்டருக்குள் கழற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கூண்டுக்குள் இருக்கிற மனிதருக்கு உதடு தெரிகிற மாதிரி குனிந்து நின்றுகொண்டார்.

“எல்லா வார்த்தையும் தெளிவா கீது, மேடம்” என்றார் தமிழில். “ஒண்ணுகூடக் குழறல.”